புள்ளியும் பொட்டும்: பட இரைச்சல் நீக்கமும் யாழ்ப்பாண ஆவணங்களின் சான்றுநிலையும்

வரலாற்றாய்வில் மூலத்துக்கும் பிரதிக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஆரம்பப் பாடமாகும். மூலம் கையிலிருக்கும்வரை பிரதியின் குறைபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஐயம் எழுந்தவிடத்து மூலத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூலம் அழிந்த பின்னரோ பிரதியே சான்றாகிவிடுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை ஆராய முற்படுவோர் பல சந்தர்ப்பங்களில் இந்த இரண்டாவது நிலையிலேயே நிற்கின்றனர். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த ஏடுகளும் உறுதிகளும் கடிதங்களும் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றைச் செல்லும் ஈரமும் தின்றுகொண்டிருக்கின்றன.

இந்நிலையிலே, எஞ்சியுள்ளவற்றை எண்ணிமப் படங்களாக்கிப் பாதுகாக்கும் முயற்சி காலத்தின் தேவையாயிற்று. 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் இத்துறையில் முன்னோடியாக அமைந்தது. இன்று தனியாரும் கோயில்களும் பாடசாலைகளும் கைத்தொலைபேசியைக் கொண்டே தத்தம் ஆவணங்களைப் படமெடுத்து வைக்கின்றனர். ஆயின், படமெடுக்கும் கருவி பற்றிய ஒரு வினா நம்மிடையே போதிய கவனத்தைப் பெறவில்லை. இன்றைய கமராக்களும் தொலைபேசிகளும் வருடிகளும் 'இரைச்சலற்ற படம்' தருவதாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. இரைச்சல் நீங்கிய படம் மூலத்துக்கு அதிக விசுவாசமானதா? அவ்விரைச்சல் எவ்வாறு நீக்கப்பட்டது? எது இரைச்சல், எது செய்தி என்பதைத் தீர்மானித்தவர் யார்? இவ்வினாக்களைப் பொறியியலாளர்க்கு மாத்திரம் உரியனவென்று வரலாற்று மாணவர் ஒதுக்கிவிட இயலாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

1. இரைச்சல் என்பது யாது?

வானொலி கேட்போர்க்கு இரைச்சல் பழக்கமான சொல். தொலைவிலுள்ள நிலையமொன்றைக் கேட்கையில் பேச்சுக்கிடையே ஒலிக்கும் இரைவையே அச்சொல் குறித்தது. மின்சைகையோடு கலந்துவரும் ஒழுங்கற்ற ஏற்றத்தாழ்வு என்னும் பொருளில் அது படத்துறைக்கும் வந்து சேர்ந்தது. மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில், ஒரே நிறமாக இருக்கவேண்டிய சுவரிலே மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிமயமே பட இரைச்சலாகும்.

இதன் தோற்றுவாய்கள் பலவெனினும், இரண்டினை ஈண்டு வேறுபடுத்திக் காணல் அவசியம். முதலாவது ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி தனித்தனித் துணிக்கைகளாக வந்து விழுகின்றது. ஓட்டின்மீது விழும் மழைத்துளிகளைப் போல, சராசரி ஒன்றாயினும் ஒவ்வொரு கணமும் விழுந்த எண்ணிக்கை சற்றே கூடியோ குறைந்தோ இருக்கும். இவ்வாறான தாறுமாற்றை மின்னோட்டத்தில் 1918 ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் பௌதிகவியலாளரான வோல்ற்றர் ஷொட்கி விளக்கினார். கணக்கு எளியது: சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் ஏற்றத்தாழ்வு. பிக்சல் எனப்படும் பட அலகொன்றில் 100 ஒளித்துணிக்கைகள் பதிவாயின் ஏற்றத்தாழ்வு 10. செய்தி இரைச்சலைப்போல் 10 மடங்கு. பதிவானவை 10,000 ஆயின் ஏற்றத்தாழ்வு 100. செய்தி இரைச்சலைப்போல் 100 மடங்கு. ஒளி கூடக்கூடப் படம் தெளிவடைவதன் காரணம் இதுவே. எத்தகைய உணரியைக் கண்டுபிடித்தாலும் ஒளியோடு பிறந்த இவ்விரைச்சலை அவ்வுணரியால் ஒழிக்க முடியாது.

இரண்டாவது வகை கருவியிற் பிறப்பது. ஒளியால் விடுபட்ட இலத்திரன்களை எண்ணும் சுற்றிலே உண்டாகும் வாசிப்பு இரைச்சல், வெப்பத்தால் ஒளியின்றியே தோன்றும் இருளோட்டம், அலகுக்கு அலகு காணப்படும் உணர்திறன் வேறுபாடு என்பன இதில் அடங்கும். வெப்பநிலை உயர இருளோட்டம் விரைந்து பெருகுமாதலால், நம்முடைய பங்குனி, சித்திரை மாதத்து வெக்கையிலே நெடுநேரம் ஒளியூட்டி எடுக்கப்படும் படங்களில் இது கவனத்துக்குரியதாகும்.

2. மூன்று வழிகளும் ஒரே விளம்பரமும்

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லாட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் சி.சி.டி. எனப்படும் மின்னேற்றப் பிணைப்புச் சாதனத்தை வகுத்தனர். இதற்காக 2009 ஆம் ஆண்டின் பௌதிகத்துக்கான நொபெல் பரிசில் அவர்கள் பங்குபெற்றனர். 1974 இல் மாவின் வைற்றும் அவரது சகாக்களும், ஒவ்வோர் அலகையும் செய்தி வருமுன்னும் வந்தபின்னும் இருமுறை அளந்து வேறுபாட்டை மாத்திரம் எடுக்கும் முறையை வெளியிட்டனர். 1975 இல் கொடாக் நிறுவனத்தின் ஸ்ரீவன் சாசன் செய்த கமராவில் 100க்கு 100 பட அலகுகளே இருந்தன. அடுத்த ஆண்டில் அதே நிறுவனத்தின் பிறைஸ் பேயருக்கு நிறவடிகட்டிக்கான காப்புரிமை கிடைத்தது. 1980 இல் யப்பானில் நொபுகாசு தெரனிஷி அமைத்த ஒளியிருவாயி, இருளோட்டத்தையும் எச்சப் பிம்பத்தையும் வெகுவாகத் தணித்தது. 1990களில் எரிக் பொசமும் அவரது குழுவினரும் விண்வெளிக் கலங்களுக்காக விருத்திசெய்த சீமொஸ் உணரியே இன்று தொலைபேசிகளிலெல்லாம் இடம்பெறுவதன் முன்னோடியாகும். பின்புறத்திலிருந்து ஒளிவாங்கும் உணரிகள் 2009 அளவில் நுகர்வோர் கமராக்களில் வந்துசேர்ந்தன.

இவ்வரலாறு உண்மையான முன்னேற்றத்தின் வரலாறு, அதனை மறுப்பதற்கில்லை. கருவியிற் பிறக்கும் இரைச்சல் பிறக்குமிடத்திலேயே தணிக்கப்பட்டது. இது முதல்வழி. தொடக்கத்தில் பற்பல இலத்திரன்களாக இருந்த வாசிப்பு இரைச்சல் இன்றைய நல்ல உணரிகளில் ஓரிரண்டு இலத்திரன்களாகக் குறுகிவிட்டது.

இரண்டாம் வழி கூடுதலான ஒளியைச் சேகரித்தல். பெரிய உணரி, நீண்ட ஒளியூட்டம், போதிய விளக்கு, பல படங்களைச் சேர்த்துச் சராசரி காணல் என்பன இதன்பாற்படும். நான்கு படங்களின் சராசரியில் இரைச்சல் பாதியாகும். பதினாறு படங்களின் சராசரியில் காற்பங்காகும். இவ்விரு வழிகளிலும் கிடைப்பது மேலதிக அளவீடு. ஆதலின் அவற்றால் உண்மை கூடுகின்றது.

மூன்றாம் வழி வேறுவகைப்பட்டது. எடுத்து முடிந்த படத்திலே அயலிலுள்ள அலகுகளை ஒப்பிட்டு, 'இவ்வலகு இவ்வாறு இருக்க நியாயமில்லை' எனக் கணித்து, மென்பொருள் அதனை மாற்றியமைக்கின்றது. இங்கு புதிய அளவீடு எதுவுமில்லை. முன்கூட்டியே வகுத்த ஓர் எதிர்பார்ப்பு மாத்திரமே உண்டு. எதிர்பார்ப்பு பொருந்துமிடத்துப் படம் அழகுறும். பொருந்தாவிடத்துச் செய்தி அழியும்.

விளம்பரங்கள் இம்மூன்றையும் 'இரைச்சற் குறைப்பு' என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றன. முதல்வழியில் மேலும் பெறக்கூடிய இலாபம் சிறிதாகிவிட்டது. சிறிய தொலைபேசியின் சிறிய உணரியிலே இரண்டாம் வழிக்கும் எல்லையுண்டு. ஆதலால் போட்டிச் சந்தையிற் கூறப்படும் புதுமைகளிற் பல மூன்றாம் வழியையே சார்ந்துள்ளன. அதன் கணிப்பு முறையோ வணிக இரகசியம். ஆவணத்தைப் படமெடுக்கும் ஒருவர், தமது கருவி எதை அளந்தது, எதை ஊகித்தது என்பதை அறியும் உரிமையின்றியே அதனைப் பயன்படுத்துகின்றார்.

3. விண்மீனும் எண்ணும்

மூன்றாம் வழியின் விளைவை விளக்கும் மூன்று நிகழ்ச்சிகள் அண்மைக்காலத்திற் பதிவாகியுள்ளன.

2016 ஆம் ஆண்டிலே சோனி நிறுவனம் தனது சில கமராக்களுக்கு வழங்கிய மென்பொருட் புதுப்பிப்பின் பின்னர், சில செக்கனுக்கு மேற்பட்ட ஒளியூட்டத்தில் எடுத்த படங்களில் மங்கலான விண்மீன்கள் காணாமற்போவதை வானியற் படப்பிடிப்பாளர் கண்டனர். வெப்பத்தாற் பழுதுற்று ஒளிரும் தனி அலகுகளை நீக்கவென அமைந்த வடிகட்டி, சிறிய விண்மீன்களையும் அவ்வாறான பழுதென்றே கொண்டது. நிறுவனத்தின் நோக்கம் தூய்மையான படம். வானியலார்க்கு வேண்டியதோ விண்மீன். 'மூலத் தரவு' எனப்படும் கோப்பிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தமையாற் பின்னர் மீட்க வழியிருக்கவில்லை. இது குறித்து நிகழ்ந்த விவாதத்தின் மையம் இதுவே: தெளிவான படத்துக்கும் உண்மையான படத்துக்கும் இடையில் முரண்பாடு தோன்றினால் எது முதன்மை பெறும்?

2013 ஓகஸ்டில் ஜேர்மன் கணினியியலாளர் டேவிட் கிறீசல் வெளிப்படுத்திய செய்தி இன்னும் கவலைக்குரியது. செறொக்ஸ் நிறுவனத்தின் வருடியொன்றிற் கட்டட வரைபடமொன்றை இட்டபோது, 21.11, 17.42 எனக் குறிக்கப்பட்டிருந்த அறைப் பரப்பளவுகள் பிரதியில் 14.13 ஆக மாறியிருந்தன. அது இரைச்சல் நீக்கமன்று. கோப்பைச் சுருக்கும் முறையின் விளைவு. ஆயினும் தத்துவம் ஒன்றே. ஒத்த தோற்றமுடைய துண்டுகளை ஒன்றெனக் கொண்டு, ஒன்றின் இடத்தில் மற்றதைக் கருவி ஒட்டியிருந்தது. எழுத்து மங்கியிருந்தால் வாசிப்பவர் ஐயுறுவார்; இங்கு எண்கள் தெளிவாக இருந்தன, ஆகையால் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருளை வெளியிட்டது.

2023 மார்ச்சிலே மூன்றாவது நிகழ்ச்சி. நிலவின் படமொன்றை வேண்டுமென்றே மங்கச் செய்து, கணினித் திரையில் இட்டு, சம்சுங் தொலைபேசியாற் படமெடுத்தபோது, திரையில் இல்லாத மேடுபள்ளங்கள் படத்திலே தோன்றின. காட்சியில் நிலவு உண்டென அறிந்தால், பயிற்றப்பட்ட கணிப்பொறி முறையால் அதன் விவரங்களைத் தமது தொலைபேசி மேம்படுத்துவதாக நிறுவனம் விளக்கமளித்தது. முன்னைய கருவிகள் இருந்ததை நீக்கின. இக்கருவி இல்லாததைச் சேர்த்தது.

4. தமிழ்ப் புள்ளி

விண்மீனுக்கு நேர்ந்தது தமிழெழுத்துக்கும் நேரக்கூடியதே. தமிழ் எழுத்து முறையிற் புள்ளி இலக்கணச் செய்தியைத் தாங்கும் உறுப்பு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் முதலாகவே கூறப்படும் விதி. 'நல்லன்' என்பது நல்லவனைக் குறிக்கும். புள்ளி வீழ்ந்தால் 'நல்லன' என்றாகி நல்ல பொருள்களைக் குறிக்கும். உயர்திணை ஒருமை அஃறிணைப் பன்மையாகிவிடும். 'கண்டன்' என்பது ஆளின் பெயராகலாம். 'கண்டன' என்பது வினைமுற்று. தொடரின் பொருளாற் பெரும்பாலும் பிழையை உணரலாமெனினும், பெயர்ப்பட்டியல், கணக்கு, காணி உறுதி, செய்யுள் ஆகியவற்றில் அவ்வுதவி எப்போதும் கிட்டுவதில்லை.

இதனை எண்ணளவிற் காண்போம். பத்திரிகையொன்றின் சிறிய எழுத்திற் புள்ளியின் விட்டம் 0.3 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அங்குலத்துக்கு 150 பட அலகு என்ற பிரிதிறனில் அப்புள்ளி ஏறத்தாழ இரண்டுக்கு இரண்டு, அதாவது நான்கு அலகுகளை நிரப்பும். இரைச்சல் நீக்கத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் இடைய வடிகட்டி, மூன்றுக்கு மூன்று என்ற சாளரத்தில் ஒன்பது பெறுமானங்களையும் வரிசைப்படுத்தி ஐந்தாவதைத் தெரிவுசெய்யும். கறுப்பு அலகுகள் நான்கே இருப்பதால் ஐந்தாவது எப்போதும் வெள்ளையாகும். புள்ளி முழுவதும் மறையும். பிரிதிறனை 300 ஆக உயர்த்தினால் விட்டம் மூன்றரை அலகாகி இச்சாளரத்துக்குத் தப்பும். ஆயின் ஐந்துக்கு ஐந்து சாளரத்தில் இருபத்தைந்தில் பதின்மூன்று கறுப்பாக இருத்தல் வேண்டும், புள்ளியிலோ பத்தளவே உண்டு. மீண்டும் மறையும். இன்றைய கணிப்பு முறைகள் இதனினும் நுண்ணியவை என்பது உண்மை. ஆயினும், தனித்து நிற்கும் சிறு கறுப்பு ஐயத்துக்குரியது என்னும் எடுகோளிலிருந்து அவை முற்றாக விடுபட்டனவல்ல. ஆங்கில எழுத்தில் அவ்வாறான உறுப்பு 'ஐ', 'ஜே' என்னும் இரு சிற்றெழுத்துகளின் மேலேயே உண்டு. அது விழுந்தாலும் சொல் மாறாது. தமிழில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் புள்ளி உண்டு.

எதிர்த்திசையிலும் பிழை நேரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சுத்தாளின் மரத்துணுக்கு, ஈயெச்சம், பூச்சி துளைத்த ஓட்டை என்பன எழுத்தின் தலைமேல் அமைந்து, இல்லாத புள்ளியை உண்டாக்கலாம். இவற்றை இப்பகுதியிலே பொட்டு என்போம். பொட்டையும் புள்ளியையும் வேறுபடுத்தல் தமிழறிந்தார் செய்யவேண்டிய வாசிப்பு வேலை. அவ்வேலையைத் தமிழறியா வடிகட்டியொன்று வாசகனுக்கு முன்னரே செய்து முடித்துவிடுவதுதான் பிரச்சினை.

5. ஏடும் பதிப்பும்

பனையோலைச் சுவடியிற் சிக்கல் இன்னொரு வடிவம் பெறுகின்றது. ஓலையில் எழுத்தாணியாற் கீறி, கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் எழுத்து கறுத்துத் தெரியும். மை மங்கிய ஏட்டிலோ, மை பூசப்படாத ஏட்டிலோ எழுத்து வெறுங்கீறலாகவே நிற்கும். ஓலை நரம்புக்கும் அக்கீறலுக்கும் இடையிலான நிறவேறுபாடு மிகச் சிறிது. சிலவிடங்களில் அது இரைச்சலின் அளவை ஒத்தது. வடிகட்டி இரைச்சலை மென்மைப்படுத்தும்போது கீறலும் அதனோடு மென்மையடைந்து மறையும். பழைய ஏடுகளிற் புள்ளி இடப்படாமை பொதுவழக்கு. குற்றெழுத்து, நெட்டெழுத்து வேறுபாடும், ரகரத்துக்கும் காலுக்கும் இடையிலான வேறுபாடும் பலவிடங்களில் வடிவத்தால் விளங்கா. ஆதலால் ஏட்டை வாசிப்போர் கீறலின் ஆழம், திரும்பும் கோணம், எழுதியவரின் கைப்பழக்கம் ஆகிய நுண்குறிகளையே துணைக்கொள்கின்றனர். அந்நுண்குறிகளே முதலில் அழிவன.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துப் பதிப்பு மரபு நினைவுகூரத்தக்கது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். ஏட்டை எடுக்கையில் ஓரம் ஒடிவதையும், கட்டை அவிழ்க்கையில் இதழ் முறிவதையும் அவர் பதிப்புரையில் வருந்தி எழுதியதைத் தமிழ் மாணவர் அறிவர். உ. வே. சாமிநாதையர் தமது பதிப்புகளிற் பாடபேதங்களைக் குறித்துவைத்தார். ஏட்டெழுத்தின் பிழைகளைத் திருத்துவதும் ஒருவகை இரைச்சல் நீக்கமே. அச்சில் நாம் இன்று காணும் புள்ளிகளிற் பெரும்பாலானவற்றை இட்டவர்கள் அப்பதிப்பாசிரியர்களே.

ஆயினும் அவர்களுக்கும் வடிகட்டிக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் தம் பெயரை முகப்பில் இட்டார். தாம் பயன்படுத்திய ஏடுகள் யாருடையவை எனக் கூறினார். ஐயமுள்ள இடத்தைச் சுட்டினார். அதனாலேயே பின்வந்தோர் அவரோடு வாதிட முடிந்தது. அவர் கொண்ட பாடத்தை மறுத்து வேறு பாடத்தை நிலைநிறுத்தவும் முடிந்தது. மென்பொருள் செய்யும் திருத்தமும் பதிப்பேயாகும். ஆனால் அது பெயரற்ற பதிப்பு. பாடபேதக் குறிப்பற்ற பதிப்பு. தன்னைப் பதிப்பென்று ஒப்புக்கொள்ளாத பதிப்பு.

6. யாருடைய ஆவணம் அழிகின்றது?

இரைச்சல் நீக்கத்தின் தீங்கு எல்லா ஆவணங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. நல்ல தாளில், புதிய அச்செழுத்தில், அடர்ந்த மையில் அச்சாகிக் கட்டப்பட்ட அரசாங்க வர்த்தமானியும் நிர்வாக அறிக்கையும் எத்தகைய வடிகட்டியையும் தாங்கும். அவற்றிற் செய்தி வலிது, இரைச்சல் மெலிது. தொழிற்சங்கத்தின் றோணியோப் பிரதி, கிராமச் சனசமூக நிலையத்தின் கையெழுத்துச் சஞ்சிகை, இரவோடிரவாக அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஆகியன அவ்வாறல்ல. 1966 ஒக்ரோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவம் வேண்டித் தாழ்த்தப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களையும் ஆராய்வதற்கு இத்தகைய நலிந்த தாள்களே உள்ளிருந்து பேசும் சான்றுகள். மலிந்த தாள், தேய்ந்த எழுத்து, மெலிந்த மை என்பன அவற்றின் பொதுவியல்பு. வசதியற்றவரின் ஆவணத்தில் இரைச்சல் கூடுதல். ஆகவே தானியங்கித் துப்புரவினால் அதிகம் இழப்பதும் அதுவே. நடுநிலையானதாகத் தோன்றும் தொழில்நுட்பமொன்று சமூக ஏற்றத்தாழ்வை அப்படியே ஆவணக்காப்பகத்துக்குள்ளும் கொண்டுசெல்வதற்கு இது நல்ல உதாரணமாகும்.

தாளே சான்றாகும் சந்தர்ப்பமும் உண்டு. 1990 இன் பின்னர் குடாநாட்டின்மீது நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் அருகியபோது, பாடசாலை அப்பியாசக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாள்களிலும் இங்கு பத்திரிகைகள் அச்சாயின. எழுத்துகளுக்குக் குறுக்கே ஓடும் அக்கோடுகள் எழுத்துணரி மென்பொருளுக்கு இடையூறு. எனவே 'பின்னணி நீக்கம்' என்னும் வசதி அவற்றைத் துடைத்துவிடும். எஞ்சுவது வெண்தாளில் அச்சான சாதாரணப் பத்திரிகை போன்ற படம். செய்தியின் ஒவ்வொரு சொல்லும் காப்பாற்றப்பட்டிருக்கலாம். ஆயின் எந்நிலையில் அச்செய்தி அச்சானது என்பதற்குரிய கண்கூடான சான்று போய்விடும். வரலாற்று மாணவன் ஒருவனுக்கு அக்கோடு, தலைப்புச் செய்தியளவுக்கு முக்கியமானது. 1841 இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை, 1889 இல் தொடங்கிய இந்து சாதனம் போன்ற பழைய பத்திரிகைகளிலும் தாளின் நிறம், அச்செழுத்தின் தேய்வு, ஓரத்தில் வாசகர் எழுதிய பென்சிற் குறிப்பு ஆகியன அச்சுத்தொழிலின் வரலாற்றுக்கும் வாசிப்பின் வரலாற்றுக்கும் மூலங்களாகும்.

7. மறுதரப்பு

இரைச்சல் நீக்கத்தை ஆதரிப்போரின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துநோக்குதல் வேண்டும். இரைச்சல் மிகுந்த கோப்பு சுருங்காது. சேமிப்புக்கும் அனுப்புதற்கும் செலவு கூடும். கைத்தொலைபேசியில் வாசிப்பவருக்குத் தூய பக்கமே கண்ணுக்கு இதம். எழுத்துணரியும் தூய பக்கத்திலேயே கூடுதலாகச் சரியாக வாசிக்கும். தன்னார்வலர் சிலரே இயங்கும் ஒரு முயற்சியிடம் ஆய்வுகூடத் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. இவையெல்லாம் உண்மையான நிர்ப்பந்தங்கள். நாம் கூறுவது, வாசிப்புப் பிரதி வேறு, காப்புப் பிரதி வேறு என்பதே. வாசிப்புப் பிரதியை எவ்வளவும் துடைக்கலாம், துடைக்காத பிரதி கைவசம் இருக்கும்வரை.

மேலும், நமது ஆவணங்களைப் பொறுத்தவரை மூன்றாம் வழி பெரும்பாலும் அவசியமே அற்றது. விண்மீனுக்கு ஒளிகூட்ட எவராலும் இயலாது. ஓடும் குழந்தையை நான்கு செக்கன் நிற்கச் சொல்லவும் இயலாது. மேசையில் விரித்த ஏடோ பத்திரிகையோ அசைவதில்லை. இரு விளக்குகளை வைத்து, கமராவைத் தாங்கியிற் பொருத்தி, மிகக்குறைந்த உணர்திறனில் எடுத்தாற் போதிய ஒளி கிடைக்கும். வேண்டின் நான்கு படங்களை எடுத்துச் சராசரி காணலாம். ஓலையிலே பக்கவாட்டிற் சாய்ந்து விழும் ஒளியில் மேலுமொரு படம் எடுத்தால் மை பூசாத கீறலின் நிழலும் புலப்படும். விலையுயர்ந்த கருவி செய்யும் ஊகத்தைவிட, சாதாரணக் கருவி நல்ல வெளிச்சத்தில் செய்யும் அளவீடு மேலானது. வசதி குறைந்த நம்போன்ற சமூகங்களுக்கு இது ஊக்கமளிக்கும் உண்மையாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கருவி தந்த மூலத் தரவுக் கோப்பை, இரைச்சல் நீக்க வசதிகளை இயன்றவரை நிறுத்தி எடுத்து, மாற்றமின்றிக் காத்தல். அம்மூலத் தரவும் முற்றாகக் கலப்பற்றதன்று. பேயரின் வடிகட்டி அமைந்த உணரியில் ஒவ்வோர் அலகும் ஒரு நிறத்தையே அளக்க, மற்ற இரு நிறங்களும் அயலிலிருந்து கணிக்கப்படுகின்றன. ஆயினும் பின்வருவோர் திரும்பிச் செல்லக்கூடிய ஆகப் பிந்திய இடம் அதுவே.

இரண்டாவது, ஒவ்வொரு படத்தோடும் கருவி, ஒளி, பிரிதிறன், செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்தல். பதிப்புரை எழுதாத பதிப்பாசிரியரை நாம் மதிப்பதில்லை. அதே அளவுகோல் இங்கும் பொருந்தும்.

மூன்றாவது, கருவிகளைத் தமிழைக்கொண்டு சோதித்தல். புள்ளிகள் எண்ணப்பட்ட ஒரு தமிழ்ப் பக்கத்தை மங்கிய அச்சிலும் சிறிய எழுத்திலும் ஆயத்தஞ்செய்து, கருவியாற் படமெடுத்து, எஞ்சிய புள்ளிகளையும் புதிதாய்த் தோன்றிய பொட்டுகளையும் எண்ணினால், விளம்பரம் கூறும் எந்த எண்ணையும்விட அது நமக்குப் பயன்படும். இதற்குப் பெரும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தமிழ்த்துறை மாணவரும் பௌதிகத்துறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒருநாளிற் செய்துமுடிக்கக்கூடியது. 1974 இல் யாழ்ப்பாணத்தில் உருவாகிய பல்கலைக்கழகத்திற் கலையும் விஞ்ஞானமும் அருகருகே போதிக்கப்பட்டு வருகின்றன. அவ்வருகாமையை இப்பணிக்குப் பயன்படுத்தல் தகும்.

எரிந்த நூலகத்தின் ஏடுகளை எந்தக் கருவியாலும் இனிப் படமெடுக்க முடியாது. எஞ்சியவற்றைப் படமெடுக்கும் நம் தலைமுறையின் பொறுப்பு, அவற்றை அழகுபடுத்துவதன்று, கண்டவாறு கையளிப்பது. எது புள்ளி, எது பொட்டு என்று வாதிடும் உரிமை வருங்கால வாசகருக்கு உரியது. அவ்வாதத்துக்கு வேண்டிய சான்றை விட்டுவைப்பதே நம் கடமையாகும்.